பீட்ரூட்

காலை எட்டரைக்கு ஆய்வகத்தின் ஜன்னலைத் திறந்தால்
முதலில் பனி வரும், பிறகுதான் ஆட்கள்.
ஒவ்வொருவர் கையிலும் ஒரு குப்பி
மஃப்ளருக்குள், குடைமடிப்புக்குள்,
திருடிய பொருளைப்போல.
பெயர் எழுதி ஒட்டுவது என் வேலை.
கோத்தகிரியில் இருபத்தோரு வருடம்.
பலரை எனக்கு முகத்தைவிட நிறத்தால் தெரியும்.

இன்று கெங்கரையிலிருந்து போஜன், வயது அறுபத்திரண்டு.
குப்பியை மேசைமேல் வைக்கவில்லை.
என் கையில் கொடுத்து என் விரல்களை மூடிவிட்டார்.
"ரத்தம் மேடம். மூணு நாளா. வீட்ல சொல்லல."
நிலத்தை மகன் பேருக்கு எழுதிவிட்டதாகக்
கேட்காமலே சொன்னார்.

வெளிச்சத்தில் பிடித்தேன். சிவப்புதான்.
ரத்தம் கலங்கலாக வரும்,
இது கண்ணாடி வளையல் மாதிரி தெளிந்திருந்தது.
இயந்திரத்தில் சுழற்றினேன், அடியில் எதுவும் படியவில்லை.
கீற்றை நனைத்தேன், ரத்தம் காட்டும் கட்டம்
மஞ்சளாகவே இருந்தது.

"என்ன சாப்பிட்டீங்க இந்த மூணு நாளும்?"

"விலை இல்லீங்க. மண்டிக்கு ஏத்துனா
லாரி வாடகையே தேறாது. மூட்டை மூட்டையாக் கெடக்கு.
அதான் மூணு வேளையும்..."

"என்னது?"

"பீட்ரூட்."

சிரிக்காமல் இருக்க எனக்குப் பயிற்சி உண்டு.
பழைய ரிப்போர்ட் ஒன்றின் முதுகில் வரைந்தேன்.

இது இரைப்பை. இதில் ஊறும் அமிலம்
எதன் சாயத்தையும் வெளுக்கும்.
வயதானால் சிலருக்குக் கொஞ்சம் நீர்த்துப்போகும்,
அந்தச் சந்தில் உங்கள் சிவப்பு தப்பியிருக்கலாம்.
இது சிறுகுடல். இருபது அடி இருக்கும்,
சுருட்டினால் தலையணை உறைக்குள் அடங்கும்.
சோலைக்குள் மரத்தைத் தொட்டால் விரலில் படுமே பாசி,
உள்சுவர் முழுக்க அப்படி.
குடிப்பது அந்தப் பாசிதான்.
குடித்தது ரத்தத்தில் ஏறி
நேராக ஈரலுக்குப் போகும்.
குஞ்சப்பனை செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி
பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுவார்களே, அதுபோல ஒரு சோதனை.
பிறகு இவை, முதுகுப்பக்கம், இரண்டு சிறுநீரகம்.
ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் வடிக்கும்.
அத்தனையும் வெளியே போனால்
மத்தியானத்துக்குள் வற்றிப்போவீர்கள்.
அதனால் துளித்துளியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும்,
உப்பு, சர்க்கரை, தண்ணீர் எல்லாம்.
வேண்டாமென்று தள்ளுவது ஒன்றரை லிட்டர்.
அதில்தான் உங்கள் பீட்ரூட்.

போஜன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.
"அப்போ அதுக்கும் வேண்டாமா?"
பிறகு அவராகவே,
"மண்டிக்காரன் மாதிரி."

இருவரும் சிரித்தோம். வரிசையில் யாரோ இருமினார்கள்.

வந்தது வந்தீர்கள் என்று விரலில் குத்தினேன்.
எழும்பிய துளி
குப்பியில் இருந்ததைவிட வெளிறியிருந்தது.
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நாலு.
இரும்பு வற்றிய உடம்புதான் இந்தச் சாயத்தை
அதிகம் உள்ளே விடும் என்று படித்திருக்கிறேன்.
இந்த வயதில், ஓர் ஆணுக்கு,
இரும்பு எந்த வழியாகப் போகிறது?

டாக்டர் சீட்டில் ஒரு வரி சேர்த்தார்.
மலம், மறைந்த ரத்தம்.

படத்தில் நான் வரையாமல் விட்ட இடம் அது.
பெருங்குடல், ஐந்தடி, அவசரமில்லாதது.
மிச்சமிருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுத்துக்கொண்டு
ஒன்றிரண்டு நாள் கழித்து வழியனுப்பும்.
அங்கே ஒரு புண் கசிந்தால் சிவப்பே தெரியாது.
சோதனைத் தாளில் நீலமாக வரும்.

"மூணு நாள் பீட்ரூட் வேண்டாம். முள்ளங்கியும்.
வியாழக்கிழமை இன்னொரு டப்பா, இது வேற."

"அதான் ரத்தம் இல்லேனுட்டீங்களே?"

"இதுல இல்ல," என்றேன்.

போகும்போது துணிப்பை ஒன்றை
மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.
மண் உதறாத பத்துப் பன்னிரண்டு கிழங்கு.
"நீங்களாவது சாப்பிடுங்க."

பத்து மணிக்குப் பனி விலகியது.
வியாழனுக்கான அட்டையில்
போஜன், கெங்கரை, 62 என்று இப்போதே எழுதினேன்.
முடிவு என்ற இடத்தில் பேனா கொஞ்சநேரம் நின்றது.
அடுத்தவர் குப்பியை நீட்டினார்.